பூட்டிய கதவின் பயன்பாட்டு விகிதம்

மகளிர் உரிமை அறிக்கை இயக்ககத்தைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே போனால் யாருக்கும் எந்த உரிமையும் கிடைக்காது. அது வேறு துறையின் வேலை. உரிமைகள் கிடைத்துக்கொண்டிருக்கின்றன என்று ஆண்டுதோறும் அறிக்கை எழுதுவதுதான் இவர்கள் வேலை. சமைப்பவர் ஒருவர், சாப்பாடு பிரமாதம் என்று எழுதிக் கொடுப்பவர் இன்னொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் இரண்டாமவர்கள். சாப்பிட்டவர் யார் என்று கேட்கும் வழக்கம் இரண்டு பக்கமும் கிடையாது.

இயக்ககம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. படியேறி வந்தால் நீளமான கூடம், அதில் வரிசையாக மேசைகள். கூடத்தின் கோடியில் இயக்குநர் அறை. அந்த அறைக்கு நேர் எதிரே ஒரு கதவு. அதில் பெண் உருவம் வரைந்த பலகை, பலகைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. ஆண்களுக்குக் கீழ்த்தளத்தில் கழிப்பறை இருந்தது. இயக்குநருக்கு அவர் அறைக்குள்ளேயே இருந்தது. பெண்களுக்கு இந்தக் கதவு இருந்தது.

அங்கே வேலை பார்த்த ஒரு பெண்ணை எல்லோரும் டேட்டாம்மா என்று கூப்பிட்டார்கள். ஒப்பந்தத்தில் சேர்ந்து இரண்டு அறிக்கைகள் ஆகியிருந்தன. காலத்தை அங்கே அப்படித்தான் அளப்பார்கள். ஊரிலுள்ள அலுவலகங்கள், ஆலைகள், கடைகள் எல்லாவற்றிலிருந்தும் வந்து குவியும் கேள்விப் படிவங்களைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. தட்டச்சர் பணியிடத்தை ஒழித்துவிட்டதால் கூட்டக் குறிப்புகளை அடிப்பதும் அவள் தலையில் விழுந்தது. அதற்குச் சம்பளம் கிடையாது. 'பெண் ஊழியரின் பன்முகத் திறன் வளர்ச்சி' என்ற தலைப்பில் அறிக்கையில் ஒரு பத்தி மட்டும் கிடைத்தது.

ஒரு நாள் படிவங்களைப் புரட்டும்போது தங்கள் அலுவலகத்தின் படிவமே அவள் கையில் சிக்கியது. 'மகளிருக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா?' என்ற கேள்விக்கு நேரே 'ஆம்' என்று இருந்தது. அவளுக்குக் கொஞ்சம் குழப்பமாகிவிட்டது. எடுத்துக்கொண்டு புள்ளியியல் அலுவலரிடம் போனாள்.

புள்ளியியல் அலுவலர் கெட்டவர் அல்ல. எண்களை மனிதர்களிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்ற கவலை அவருக்கு எப்போதும் உண்டு, அவ்வளவுதான்.

"சார், இதுல 'ஆம்'னு போட்டிருக்கு."

"இருக்குல்ல?"

"பூட்டியிருக்கே சார்."

"கேள்வியைப் படிங்க. 'இருக்கிறதா'ன்னுதான் கேட்டிருக்கு. 'திறந்திருக்கிறதா'ன்னு கேக்கல. கேக்காத கேள்விக்குப் பதில் எழுதினா அதுக்குப் பேரு தரவு இல்லம்மா, வம்பு."

"அப்போ 'இல்லை'ன்னு போட்டா?"

"'இல்லை'ன்னா எட்டாவது கேள்விக்குப் போகணும். ஏன் இல்லைன்னு காரணம் எழுதணும். 'ஆம்'னா நேரா பதினொண்ணாவது கேள்விக்குப் போயிடலாம். திருப்தியான்னு மட்டும் கேக்கும். எது சுருக்கமான வழின்னு நீங்களே பாருங்க."

பதினொன்றாவது கேள்விக்கு நேரே 'மிக்க திருப்தி' என்று இருந்தது. யார் திருப்திப்பட்டது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதுவும் வம்பாகியிருக்கும்.

கதவுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கட்டடப் பராமரிப்பாளர் சொன்னார். சாவி அவரிடம் இருந்தது. வேலை செய்யாமல் இருப்பதற்கு உண்டான விதிகள் அனைத்தையும் கரைத்துக் குடித்த மனிதர். உள்ளே இருந்தவை இயக்ககத்தின் பழைய அறிக்கைகள். அச்சடித்து, யாரும் வாங்காமல், யாரும் படிக்காமல் மிஞ்சியவை. ஒவ்வொன்றின் அட்டையிலும் இயக்குநர் படம். கழிக்க விதியில்லை, கொடுக்க ஆளில்லை.

"அதுக்கு பாத்ரூம்தான் கெடச்சுதா அண்ணே?"

"வேற எடமெல்லாம் ஈரம்மா. தாள் பூஞ்சை புடிச்சிடும். இந்தக் கட்டடத்துலேயே சொட்டு ஈரம் இல்லாத எடம் அதுதான். தண்ணியே வர்றதில்லையே."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த அலுவலகத்தில் யார் சொன்னதிலும் தப்பு கண்டுபிடிக்க முடியாது. எல்லாரும் சரியாகப் பேசுவார்கள், பூட்டு மட்டும் தொங்கும்.

அதுவரை பெண்கள் சமாளித்த வழியைக் கண்டுபிடித்தவர் தபால் பிரிவு அக்கா. சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனை. புறநோயாளிச் சீட்டு ஒன்று வாங்கினால் உள்ளே விடுவார்கள். உள்ளே போனால் கழிப்பறை இருந்தது. எனவே இயக்ககத்துப் பெண்கள் தினமும் முறை வைத்துத் தலைவலி, வயிற்றுவலி என்று சீட்டு வாங்கினார்கள். மருத்துவமனை தன் கணக்கை மாதாமாதம் இயக்ககத்துக்கு அனுப்பும். புள்ளியியல் அலுவலர் அதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். அந்த ஆண்டு அறிக்கையில் 'மகளிரிடையே உடல்நல விழிப்புணர்வு: ஒரு மௌனப் புரட்சி' என்று ஓர் அத்தியாயமே சேர்ந்தது. வெளிநாட்டில் ஒரு கூட்டத்தில் அதைப் படித்து இயக்குநர் கேடயம் வாங்கி வந்தார்.

அந்த அத்தியாயம்தான் வினையாகிவிட்டது. மருத்துவமனைக்காரர்கள் அதைப் படித்துவிட்டார்கள். இத்தனை நோயாளிகள் வந்தும் ஒருவர்கூட மருத்துவரைப் பார்க்கவில்லையே என்று விசாரித்தார்கள். விஷயம் தெரிந்ததும் வாசலில் காவலாளியை உட்கார வைத்தார்கள். இயக்கக அடையாள அட்டையைப் பார்த்தாலே அவர் கையை நீட்டி மறித்தார். அறிக்கையை ஒருவர் படித்ததால் உண்மையிலேயே ஒரு மாற்றம் நிகழ்ந்தது என்றால் இயக்கக வரலாற்றில் அது ஒன்றுதான்.

பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். காலையில் வீட்டில் ஒரு வாய், மாலையில் வீட்டுக்குப் போனதும் ஒரு சொம்பு. இடையில் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார்கள். 'பெண் ஊழியர்கள் ஆண் ஊழியர்களைவிட இருக்கையை விட்டு எழுவது குறைவு' என்று புள்ளியியல் அலுவலர் ஒரு வரைபடம் போட்டு, உட்கார்ந்திருந்த நேரத்தைக் காட்டி மேல்நோக்கிப் போன கோட்டுக்குப் பச்சை வண்ணம் அடித்தார்.

டேட்டாம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. இடுப்பில் கத்தியைச் செருகியது போல வலி. அவள் புருஷன் பேருந்து ஓட்டுநர். அவன்தான் தூக்கிக்கொண்டு அதே மருத்துவமனைக்கு ஓடினான். அங்கே இருந்த டாக்டரம்மா கணினியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க பேர்ல நெறைய சீட்டு போட்டிருக்கே. அப்பல்லாம் எதுக்கு வந்தீங்க?"

"பாத்ரூமுக்கு டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பரிசோதனை முடிவுகளை ஒருமுறை பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"ஒரு சிறுநீரகம் சுருங்கிப்போச்சு. அது இனிமே உங்களுக்கு உதவாது. இன்னொண்ணையாவது காப்பாத்திக்கணும்னா நாள் முழுக்க தண்ணி குடிங்க. வந்தா அடக்காதீங்க. இதைத் தவிர வேற மருந்து கெடையாது. எங்க வேலை பாக்குறீங்க?"

"பெண்ணுரிமை ஆபீஸ்ல."

டாக்டர் சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டில் 'தண்ணீர்' என்று எழுதி, அடியில் அழுத்திக் கோடு போட்டார்.

வீட்டில் அவளைப் படுக்க வைத்துவிட்டுப் புருஷன் பேசினான். "நான் ரோட்டுல வண்டி ஓட்டுறவன். எனக்கே ஊருக்கு ஊரு எடம் இருக்கு. நீ உக்காந்து வேலை செய்யற எடத்துல இல்லியா? அந்த வேலை வேணாம், விட்டுடு."

"விட்டா எங்க போறது? முன்ன வேலை பாத்த எடத்துல கதவே கெடையாது. இங்க கதவாவது இருக்கு."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இருக்கிற ஒற்றைச் சிறுநீரகத்தைக் காப்பாற்றத் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் குடித்தால் போக இடம் வேண்டும். அறிக்கை முடிவதற்குள் இன்னொருமுறை விடுப்பு எடுத்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். வேலைக்கும் உயிருக்கும் நடுவில் அந்தப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வேலைக்கு வந்தபோது அவள் எடுத்த விடுப்பு ஏற்கெனவே அறிக்கையில் ஏறியிருந்தது. 'மருத்துவ விடுப்பு உரிமையை மகளிர் தயக்கமின்றிப் பயன்படுத்துகின்றனர்.' தண்ணீர் பாட்டில் ஒன்றை மேசைமேல் வைத்தாள். நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்தாள். மறுநாள் டாக்டர் சீட்டை இணைத்து ஒரு மனு எழுதி, தபால் பிரிவு அக்காவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள்.

இயக்குநர் மனுவை இரண்டு கையாலும் வாங்கினார். பெண்களிடம் எதை வாங்கினாலும் அவர் இரண்டு கையாலும்தான் வாங்குவார், படம் நன்றாக வரும். சுவர் முழுக்கக் கேடயங்கள். சோபாக்கள் அறையை அடைத்துக்கொண்டு கிடந்தன. மூலையில் பாதி திறந்த கதவு வழியே வெள்ளைப் பளிங்கும் வாசனை உருண்டைகளும் தெரிந்தன. குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க டேட்டாம்மாவுக்கு அடிவயிறு கனத்தது.

"உங்க வேதனை எனக்குப் புரியுது," என்றார் இயக்குநர். "ஆனா நான் உணர்ச்சிவசப்படக் கூடாது. ஏன்னு கேளுங்க. ஆண்கள் உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுத்ததாலதான் இத்தனை காலமா பெண்களுக்கு அநியாயம் நடந்துச்சு. அதனால இங்க எல்லாமே சான்றோடதான் நடக்கும். உங்களுக்குத் தேவை இருக்குன்னு தரவு சொல்லட்டும். அடுத்த நிமிஷம் நான் கையெழுத்துப் போடுறேன்."

"இந்தம்மாவுக்கு ஒரு கிட்னி போச்சுங்க ஐயா," என்றார் தபால் பிரிவு அக்கா.

"அது தனிநபர் அனுபவம்," என்றார் பக்கத்தில் நின்ற புள்ளியியல் அலுவலர். "ஒண்ண வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"மிச்சம் இருக்கறதும் ஒண்ணுதான் சார்," என்றாள் டேட்டாம்மா.

அது அவர்கள் காதில் ஏறவில்லை. தேவையை அளக்க மகளிர் கழிப்பறை வாசலில் ஓர் எண்ணும் கருவி பொருத்துவதென்று முடிவானது. உள்ளே ஓர் ஆள் நுழைந்தால் எண் ஒன்று ஏறும். விலை உயர்ந்த கருவி. அதைத் திறந்துவைக்க ஒரு விழாவும் நடந்தது. இயக்குநர் நாடாவை வெட்டினார். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று எல்லாரும் கை தட்டினார்கள். கருவி செவ்வெழுத்தில் பூஜ்யம் காட்டியது.

"சார், பூட்டைத் திறந்துட்டு எண்ணலாமே," என்றாள் டேட்டாம்மா.

புள்ளியியல் அலுவலர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "திறந்தா எல்லாரும் போவாங்கம்மா. அப்புறம் எது நிஜமான தேவை, எது திறந்திருக்கேன்னு போன தேவைன்னு எப்படிப் பிரிப்பீங்க? ஆய்வே கெட்டுப்போயிடும்."

மாதம் முடிந்தது. கருவி பூஜ்யத்திலேயே நின்றது. புள்ளியியல் அலுவலர் தினமும் காலையில் வந்து அதைத் துடைத்துவிட்டுப் போனார். 'பயன்பாடு: பூஜ்யம். தேவை: இல்லை' என்று குறிப்பு எழுதினார். ஆனாலும் நேர்மையான மனிதர் அல்லவா, ஒரே முறையை நம்பக் கூடாதென்று நேரடிக் கருத்துக்கணிப்பும் நடத்தினார். 'ஒரு நாளைக்கு உங்களுக்கு எத்தனை தடவை தேவைப்படுகிறது?' பெண்கள் கூச்சப்படுவார்கள் என்று அவர்கள் சார்பில் பிரிவுத் தலைவர்களே படிவத்தை நிரப்பினார்கள். ஏழு பேரும் ஆண்கள். சிலர் ஒன்று என்று போட்டார்கள், சிலர் எதுவும் இல்லை என்று போட்டார்கள். சராசரி அரைத் தடவை என்று வந்தது. அரைத் தடவை எப்படிப் போவது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்பதற்குப் படிவத்தில் இடமும் இல்லை.

"ஏட்டுச் சுரைக்கா கறிக்கு உதவாதும்பாங்க," என்றார் தபால் பிரிவு அக்கா. "இவனுங்க அந்தக் கறியையும் நம்மள தின்னச் சொல்றானுங்க."

டேட்டாம்மாவுக்கு இடுப்பில் வலி மறுபடி முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது. இந்த முறை மறுபக்கம்.

இங்கே இயக்ககத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இயக்குநர் மேடையில் 'இப்படி இருக்க வேண்டும்', 'அப்படிச் செய்ய வேண்டும்' என்று எதைச் சொன்னாலும் அது கூட்டக் குறிப்பில் ஏறும். குறிப்பில் ஏறியது அவர் கையெழுத்தோடு ஆணையாகிக் கட்டடப் பராமரிப்பாளர் மேசைக்கு வரும். முன்பு ஒருமுறை அவர் பெண்கள் வானத்தைத் தொட வேண்டும் என்று முழங்கினார். மறுநாள் மொட்டை மாடிக் கதவை வேலை நேரம் முழுவதும் திறந்துவைக்கும்படி ஆணை வந்தது. இன்றுவரை திறந்துதான் இருக்கிறது. வானத்தை யாரும் தொட்டதாகத் தகவல் இல்லை. மழைக்காலத்தில் தண்ணீர் மட்டும் படி வழியாக இறங்கி வரும்.

புதிய அறிக்கையின் வெளியீட்டு விழா கீழே அரங்கில் நடந்தது. பெண் ஊழியர்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்து யாரும் எழுந்து போக முடியாது. இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"பெண்களைப் பற்றிப் பேச எனக்கு முழுத் தகுதி உண்டு. என் தாயே ஒரு பெண்தான். தினமும் காலையில் ஒரு பெண்ணின் குரல் கேட்டுத்தான் நான் கண் விழிக்கிறேன். தேநீர் தயார் என்று அந்தக் குரல் சொல்லும். அந்தக் குரலுக்கு நான் மறுபேச்சுப் பேசியதே இல்லை. எடுத்துக் குடித்துவிடுவேன். பெண்களுக்கு என்ன தேவை என்று பெண்களைக் கேட்டால் அவர்கள் சொல்ல மாட்டார்கள். அவ்வளவு அடக்கம். எனவேதான் நாங்கள் அவர்களைக் கேட்பதில்லை, அளக்கிறோம்."

முன்வரிசையில் டேட்டாம்மா கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடக்கம் என்ற சொல் அவளுக்கு மட்டும் வேறு விதமாகக் கேட்டது.

"இந்த அறிக்கைகளை வெறும் தாள் என்று நினைக்காதீர்கள்," என்று இயக்குநர் குரலைத் தழுதழுக்க வைத்தார். "ஒவ்வொன்றும் நான் பெற்ற பிள்ளை. என் பிள்ளைகள் எங்கோ ஒரு மூலையில் பூட்டிக் கிடக்கக் கூடாது. என் அறையில், என் கைக்கெட்டும் தூரத்தில், என் நேரடிப் பாதுகாப்பில் அவை இருக்க வேண்டும்."

அரங்கம் கை தட்டியது. டேட்டாம்மா தட்டவில்லை. குறிப்பேட்டில் அந்த வரியை எழுதிக்கொண்டிருந்தாள்.

மேலே வந்து குறிப்பைத் தட்டச்சு செய்தபோது புள்ளியியல் அலுவலரைக் கூப்பிட்டு அந்த இடத்தைக் காட்டினாள். "சார், இதையும் போடணுமா?"

"என்ன கேள்வி இது? ஐயா சொன்னதுல ஒரு எழுத்து விட்டாலும் என் தலைதான் உருளும். அப்படியே போடுங்க."

போட்டாள். மறுநாள் காலை இயக்குநர் வெளிநாட்டுக் கூட்டத்துக்குப் புறப்பட்டார். கார் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, தொலைபேசியில் பேசிக்கொண்டே ஆணையில் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை. தன் சொந்தச் சொற்களை அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

கட்டடப் பராமரிப்பாளர் ஆணையோடு இயக்குநர் அறைக்குள் போய் நின்றார். கேடயங்களை நகர்த்த விதியில்லை. சோபாக்கள் இருப்புப் பதிவேட்டில் உள்ளவை, இடம் மாற்றக் கூடாது. தலையைச் சொறிந்துகொண்டு டேட்டாம்மா மேசைக்கு வந்தார்.

"எங்க வெக்கறதும்மா? எள்ளு போட எடமில்ல."

"ஆணையில 'அறையில்'னுதானே அண்ணே இருக்கு? அறைக்குள்ள எங்க காலியா இருக்கோ, அங்க."

அவர் இயக்குநர் அறை மூலையிலிருந்த கழிப்பறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். டேட்டாம்மா கணினியைப் பார்த்தாள். அவளுக்கு எந்த உள்நோக்கமும் இல்லை என்று சத்தியம் செய்ய நான் தயாராக இல்லை.

"ஈரமா இருக்குமே," என்றார் பராமரிப்பாளர்.

"தண்ணிய அடைச்சிட்டா காஞ்சிடும்ல?"

அவர் முகம் மலர்ந்தது. தண்ணீரை அடைப்பது அவருக்குப் பழகிய வேலை. கட்டுக் கட்டாக அறிக்கைகள் கூடத்தைக் கடந்து போயின. ஒவ்வொரு கட்டுக்கும் கையெழுத்து வாங்க வேண்டியிருந்ததால் இயக்குநர் திரும்பி வரும் நாள் வரைக்கும் இழுத்தது. புள்ளியியல் அலுவலர் எண்ணும் கருவிமேல் துணி போட்டு மூடி வைத்தார். மூட்டை தூக்குகிறவர்கள் நடமாட்டம் மகளிர் பயன்பாட்டில் கலந்துவிடக் கூடாதல்லவா. கடைசிக் கட்டும் போனதும் பராமரிப்பாளர் பூட்டைக் கழற்றினார்.

"பூட்டு அறிக்கைங்களோட பாதுகாப்புக்குன்னு வாங்கினது. அறிக்கை எங்க போகுதோ, பூட்டும் அங்கதான் போகணும்," என்று சொல்லி, இயக்குநரின் குளியலறைக் கதவில் அதை மாட்டினார்.

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். மகளிர் அறைக்குள் தூசி மிதந்தது. தபால் பிரிவு அக்கா துடைப்பத்தை எடுத்து வந்து பெருக்கிக் கழுவினார். குழாய் அடைப்பைத் திறந்தபோது முதலில் காற்று இருமியது, பிறகு செம்மண் நிறத்தில் கொட்டியது, அப்புறம் தெளிந்தது. தண்ணீர் விழும் சத்தத்தை எல்லாரும் நின்று கேட்டார்கள். புள்ளியியல் அலுவலர் கருவியின் துணியை எடுத்துவிட்டுப் பூஜ்யம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

டேட்டாம்மா தன் மேசைக்குப் போய்ப் பாட்டிலைத் திறந்தாள். நட்டநடுப் பகலில், கூடத்தில் எல்லாரும் பார்க்க, அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். தொண்டை குளிர்ந்தது. பாதிப் பாட்டில் காலியாகும்வரை கீழே வைக்கவில்லை. மருத்துவமனை வாசலை மறித்த பிறகு அந்த அலுவலகத்தில் அவள் குடித்த முதல் தண்ணீர் அது. கொஞ்ச நேரம் வேலை பார்த்தாள். பிறகு எழுந்து, எந்த அவசரமும் இல்லாமல், அனுபவித்து அந்தக் கதவை நோக்கி நடந்தாள்.

அப்போதுதான் இயக்குநர் விமான நிலையத்திலிருந்து நேரே வந்து சேர்ந்தார். கழுத்தில் மாலை, கையில் புதுக் கேடயம், வயிறு நிறைய வழியனுப்பு விழாத் தேநீரும் வரவேற்பு விழாத் தேநீரும். யாருக்கும் பதில் வணக்கம் சொல்லாமல் அறைக்குள் விரைந்தார். பூட்டைப் பார்த்தார். பராமரிப்பாளரைக் கூப்பிட்டார். அவர் நிதானமாகச் சாவியைத் தேடித் திறந்துவிட்டார்.

தரையிலிருந்து கூரை வரைக்கும் அறிக்கைகள். இண்டு இடுக்கு இல்லை. அட்டைக்கு அட்டை இயக்குநரே நின்று இயக்குநரைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னய்யா இது?"

"ஐயாவோட ஆணைங்க. கைக்கெட்டும் தூரம்."

"எடுய்யா வெளிய."

"எடுக்க வேற ஆணை வேணுங்க. அதுக்குக் கூட்டம் போடணும், குறிப்பு எழுதணும்."

"யோவ், நான் இப்ப எங்கய்யா போறது?"

அந்தக் கேள்வி கூடம் முழுக்கக் கேட்டது. நெடுங்காலமாக அந்த மாடியில் உலவிக்கொண்டிருந்த கேள்விதான். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருவர் வாய்விட்டுக் கேட்டார். "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான்," என்று தபால் பிரிவு அக்கா யாருக்கும் கேட்காமல் சொல்லிக்கொண்டார்.

மூன்று மாடி இறங்கிக் கீழே ஓட இயக்குநருக்கு நேரமில்லை. அறையை விட்டு வெளியே வந்தார். எதிரே கதவு, பூட்டில்லை. கைப்பிடியில் கை வைக்கப் போன டேட்டாம்மாவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். கழுத்து மாலையிலிருந்து நாலு பூ வாசலில் உதிர்ந்தது.

கருவியில் பூஜ்யம் மறைந்து ஒன்று வந்தது.

புள்ளியியல் அலுவலருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒண்ணு," என்றார். "பூஜ்யத்துலேருந்து ஒண்ணு. வளர்ச்சி விகிதத்தைக் கணக்கே போட முடியாது, அவ்வளவு வளர்ச்சி." அங்கேயே நின்று கைபேசியில் பதிந்துகொண்டார்: மகளிர் கழிப்பறை, மகளிர் பயன்பாடு, ஒன்று.

இயக்குநர் சாவகாசமாக வெளியே வந்தார். முகத்தில் ஞானம் பெற்ற களை. கைக்குட்டையால் கையைத் துடைத்தபடி மகளிர் அறையைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லா காத்தோட்டமா இருக்கு. இத்தனை நாளா இதை வீணா போட்டிருந்தோமே. என் அறையில இடம் கிடைக்கிற வரைக்கும் இது தற்காலிகமா இயக்குநர் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட வேண்டும். பெண்களும் ஆண்களும் வசதிகளைப் பகிர்ந்துக்கிறதுதான் சமத்துவம். இதையும் குறிப்புல போட்டுக்கங்க. தச்சரைக் கூப்பிட்டு என் பெயர்ப் பலகையை இங்க மாட்டச் சொல்லுங்க."

'வேண்டும்' வந்துவிட்டது. புள்ளியியல் அலுவலர் குறிப்பெழுத டேட்டாம்மாவைத் தேடினார். மேசையில் அவள் இல்லை, பாட்டில் மட்டும் இருந்தது.

கருவி இரண்டு என்று காட்டியது. உள்ளிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

தச்சர் பலகையும் சுத்தியலுமாக வந்து கதவுக்கு முன்னால் நின்றார். அவருக்கு முன்பே தபால் பிரிவு அக்கா நின்றிருந்தார். அக்காவுக்குப் பின்னால் கணக்குப் பிரிவுப் பெண், அவளுக்குப் பின்னால் தொலைபேசிப் பெண், அவளுக்கும் பின்னால் இன்னும் பலர். டேட்டாம்மா மேசையிலிருந்த பாட்டில் கைமாறிக் கைமாறி வரிசையில் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொருத்தியும் அண்ணாந்து ஒரு வாய் குடித்து அடுத்தவளிடம் கொடுத்தாள். காலியானதும் ஒருத்தி போய் நிரப்பிக்கொண்டு வந்தாள்.

"உள்ள ஆள் இருக்கறப்ப கதவுல எப்படி ஆணி அடிக்கறது? வரிசை வேற நிக்குது," என்று தச்சர் முணுமுணுத்து, இயக்குநர் பெயர்ப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தார்.

புள்ளியியல் அலுவலர் முன்னால் வந்து கதவைத் தட்டினார். "யாரும்மா உள்ள? ஐயா வாயால சொல்லியாச்சு. இது இப்ப மகளிர் அறை இல்ல. பதிவுப்படி உள்ள யாரும் இருக்கக் கூடாது."

உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து டேட்டாம்மாவின் குரல் வந்தது. அவசரம் எதுவும் அதில் இல்லை.

"ஆள் இருக்கு சார்."

அவர் கருவியைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், மறுபடி தட்டக் கையை ஓங்கினார். தபால் பிரிவு அக்கா பாட்டிலை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கையை மெதுவாகக் கீழே இறக்கினார்.

"அதான் ஆள் இருக்குன்னு சொல்லுதுல்ல சார். வரிசையில வாங்க."